நாய் முடியும் ரோபோ வேக்கும் கிளீனரும்: எடுத்த முடி எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய செய்தித்தாளை விரித்து, எங்கள் வீட்டு ரோபோ வேக்கும் கிளீனரை அதன்மேல் கவிழ்த்துப் போடுவேன். வயிற்றுப் பக்கம் இருக்கும் தட்டின் கொக்கிகளை அழுத்தினால், தரையிலிருந்து குப்பையைக் கிளப்பும் உருளை கையோடு வரும். மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும். முனையில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றினால்தான் விஷயம் தெரியும். உள்ளே அச்சைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமாக ஒரு வளையம். மஞ்சள் எங்கள் லாப்ரடார் ஜிம்மியுடையது. கறுப்பு என் மகளுடையது. இரண்டும் சேர்ந்து கம்பளித் துணி போல இறுகிக் கிடக்கும்; விரலால் இழுத்தால் வராது. பிளேடால் ஒரு கீறல் போட்டு ஊசியால் நெம்பினால் மோதிரம் போல முழுசாகக் கழன்று வரும். அடுத்து முன்சக்கரம். ஸ்க்ரூடிரைவர் முனையைக் கொடுத்து நெம்பினால் டக்கென்று வெளியே வந்துவிடும். அதன் மெல்லிய கம்பியைச் சுற்றி இன்னொரு வளையம். இதில் கறுப்பு இருக்காது, மஞ்சள் மட்டும்தான்.

இந்த வேலையை மூன்று வாரம் விட்டுவிட்டேன், ஒரு முறை. முன்சக்கரம் சுற்றாமல் இழுபட்டு, ஹால் டைல்ஸில் மங்கலாகக் கோடு விழுந்தது. சக்கரத்தில் பழுது என்று கைபேசிச் செயலியில் எச்சரிக்கையும் வந்தது. பழுது பார்க்கும் கடையில் பார்த்துவிட்டு மோட்டாரை மாற்ற வேண்டும் என்றார்கள். வீட்டுக்குத் திருப்பி எடுத்து வந்து, நானே பிரித்து, அந்த மஞ்சள் வளையத்தை எடுத்துப் போட்டேன். ஓடத் தொடங்கிவிட்டது. இன்றுவரை அதே மோட்டார்தான்.

ரோபோ வாங்க நினைக்கிற நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "உறிஞ்சும் சக்தி எத்தனை பாஸ்கல்?" என்றுதான். நாயோ பூனையோ இருக்கிற வீட்டுக்கு அந்தக் கேள்வி போதாது. தரையிலிருந்து எடுத்த முடி அப்புறம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். முடியைத் தரையிலிருந்து கிளப்புவது இந்த மெஷின்களுக்கு இன்று கஷ்டமே இல்லை. கிளப்பிய முடி உருளை, அச்சு, குப்பைப் பெட்டி, வடிகட்டி, பை என்று ஒவ்வொரு இடத்தையும் தாண்டிப் போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் அது தங்கப் பார்க்கும். ரோபோ இரண்டு வருஷம் உழைக்குமா, ஆறு வருஷம் உழைக்குமா என்பது அதில்தான் இருக்கிறது.

முதலில் முடியைப் பற்றிக் கொஞ்சம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்த பொமரேனியன், எல்லாமே இரட்டை ரோம நாய்கள். வெளியே விறைப்பான மேல் ரோமம், உள்ளே பஞ்சு போன்ற அடி ரோமம். ஒவ்வொரு முடியும் வளர்ந்து, ஓய்ந்து, உதிர்ந்து, மறுபடி முளைக்கிற சுழற்சியில் இருக்கிறது. குளிர் நாடுகளில் பகல் நேரம் நீள்வதையும் குறைவதையும் உடல் கணக்கு வைத்துக்கொண்டு, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மொத்தமாகக் கொட்டும். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதிலும் இரவு பத்து மணிவரை ட்யூப்லைட் வெளிச்சத்தில் படுத்திருக்கும் நாய்க்குப் பருவம் எங்கே தெரியப் போகிறது? வருஷம் முழுக்க, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரியான நம் நாட்டு நாய்களுக்கு முடி குட்டை. அதனால் உதிராது என்று பலர் நினைக்கிறார்கள். உதிரும். குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் சோபாத் துணியிலும் மிதியடியிலும் ஊசி மாதிரி குத்திக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

விலங்கு முடியின் மேற்பரப்பு வழுவழுப்பாகத் தோன்றினாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் ஓடு வேய்ந்தது போல மெல்லிய செதில்கள் ஒரே திசையில் அடுக்கியிருக்கும். அதனால் முடிகள் ஒன்றோடொன்று உரசும்போது ஒரு பக்கமாக மட்டும் நகர்ந்து, பின்னிக்கொண்டு, பின்வாங்க முடியாமல் இறுகும். கம்பளியை ஈரத்தில் தேய்த்தால் சுருங்கி ஃபெல்ட் துணியாவது இதனால்தான். ரோபோவின் அச்சில் நடப்பதும் அதே ஃபெல்ட் வேலைதான். சுழற்சி, உரசல், சென்னைக் காற்றின் ஈரப்பதம் மூன்றும் சேர்ந்து அந்த வளையத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நெய்கின்றன.

இந்த மெஷின்கள் முதலில் நம் மாதிரி வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் 2001இல் ட்ரைலோபைட் என்ற முதல் வீட்டு ரோபோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மறுவருஷம், 2002 செப்டம்பரில், அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம் ரூம்பாவை வெளியிட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரோட்னி புரூக்ஸ், கோலின் ஆங்கிள், ஹெலன் கிரெய்னர் மூவரும் 1990இல் தொடங்கிய நிறுவனம் அது. இருநூறு டாலர் விலை என்பதால்தான் அது சாதாரண வீடுகளுக்குள் போனது. அங்கே தரை முழுக்கக் கம்பளம். கம்பள இழைக்குள் புகுந்து தட்டி எடுக்க, பிரஷ் போலக் குச்ச முடி வைத்த உருளை தேவைப்பட்டது. அந்தக் குச்சங்களே நாய் முடிக்குப் பிடிமானம் ஆகிவிட்டன. 2013இல் வந்த ரூம்பா 800 வரிசையில் குச்சத்தை எடுத்துவிட்டு ரப்பர் உருளைகளை வைத்தார்கள். செல்லப்பிராணி உள்ள வீடுகளுக்கு அதைப் பெரிய திருப்பம் என்பேன். இன்று விற்கும் நல்ல மாடல்கள் பெரும்பாலும் ரப்பர், அல்லது ரப்பரும் குச்சமும் கலந்த உருளை. சிலவற்றில் ஒரு முனை குறுகிய கூம்பு வடிவ உருளை; முடி பருத்த பக்கத்திலிருந்து குறுகிய பக்கத்துக்கு வழுக்கிப் போய் உள்ளே விழ வேண்டும் என்று ஏற்பாடு. சிலவற்றில் உருளையை ஒட்டிச் சீப்புப் பற்கள்.

முடி சுற்றாது என்று விளம்பரம் சொல்லும்போது உருளையைத்தான் காட்டுவார்கள். எளிய ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உருளையின் விட்டம் நான்கு சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஜிம்மியின் முடி மூன்று சென்டிமீட்டர். அது உருளையை ஒரு சுற்றுகூடச் சுற்றாது. என் மகளின் முடி அறுபது சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஐந்து சுற்று வரும். ஆக, உருளையைக் கட்டிப்போடுவது நாய் இல்லை, வீட்டில் இருக்கும் பெண்களின் நீள முடி. அம்மா தலையிலிருந்து விழுகிற பூச்சரத்தின் நூலும் அதோடு சேரும். நாயின் குட்டை முடி அந்தக் கட்டுக்குள் செருகிக்கொள்கிறது. இனி முன்சக்கரத்தைப் பாருங்கள். அதன் அச்சுக் கம்பி மூன்று மில்லிமீட்டர் கனம். சுற்றளவு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அங்கே ஜிம்மியின் மூன்று சென்டிமீட்டர் முடி மூன்று சுற்று சுற்றி நன்றாகவே பிடித்துக்கொள்ளும். முன்சக்கரத்தில் மஞ்சள் வளையம் இருப்பதற்குக் காரணம் இதுதான். உருளை எவ்வளவு நவீனமாக இருந்தாலும், உருளையின் இரண்டு முனைகள், முன்சக்கரத்தின் அச்சு, பக்கவாட்டுத் தூரிகை சுழலும் தண்டு, இந்த மெல்லிய இடங்கள் எல்லாம் நாய் முடிக்கு உரியவை.

அதனால் கடையில் பார்க்கும்போது நான் சொல்வது: மெஷினைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். உருளை, அதன் முனை மூடி, முன்சக்கரம், பக்கத் தூரிகை, நான்கையும் திருப்புளி இல்லாமல், அல்லது ஒரே திருப்புளியால், கழற்ற முடிகிறதா? இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை என்றால் வாரம் ஒருமுறை செய்வீர்கள். இருபது நிமிஷ வேலை என்றால் மாதம் ஒருமுறைகூடச் செய்யமாட்டீர்கள். அதே உருளையும் வடிகட்டியும் மூன்று வருஷம் கழித்து இந்தியாவில் தனியாகக் கிடைக்குமா என்பதும் முக்கியம். அறையை அளந்து வழி காண உதவும் லேசர் கண்ணை 2010இல் வீட்டு ரோபோவுக்குள் கொண்டுவந்த நியாட்டோ நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. ரூம்பாவைச் செய்த ஐரோபாட்டே 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. பெரிய பெயர் என்பதற்காக உதிரிபாகம் எப்போதும் கிடைக்கும் என்று நம்பிவிட முடியாது.

சரி, பாஸ்கல் விஷயத்துக்கு வருவோம். பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு. ரோபோவின் வாயை முழுதாக அடைத்து வைத்து, உள்ளே எவ்வளவு அழுத்தக் குறைவு உண்டாகிறது என்று பார்த்துச் சொல்கிற எண் அது. தரையில் ஓடும்போது வாய் அடைபட்டிருப்பதில்லை. தரைக்கும் வாய்க்கும் இடையே சந்து இருக்கிறது. அங்கே அழுத்தத்தைவிட, நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பது முக்கியம். 2,000 பாஸ்கலே பெரிய எண்ணாக இருந்த காலம் போய், இப்போது 10,000, 20,000 என்று பெட்டியில் அச்சடிக்கிறார்கள். கனத்த கம்பளம் இருக்கிற வீட்டில் அதற்குப் பலன் உண்டு. டைல்ஸிலும் மொசைக்கிலும் கிரானைட்டிலும் கிடக்கும் நாய் முடிக்கு அவ்வளவு தேவையில்லை. மூச்சு விட்டாலே நகர்கிற பொருள் அது.

அது நகர்வதுதான் பிரச்சினையே. ரோபோ பக்கத்தில் வரும்போதே, அதன் பின்பக்கம் வெளியேறும் காற்று பஞ்சு உருண்டைகளைத் தள்ளிவிடும். பக்கத் தூரிகை வேகமாகச் சுழன்றால் முடியை வாய்க்குள் தள்ளுவதற்குப் பதில் நாற்காலிக் காலுக்கு அந்தப் பக்கம் வீசிவிடும். நாயின் உலர் உணவு மணிகளை இன்னும் தூரம் வீசும். நம் வீடுகளில் இதோடு மின்விசிறி வேறு. அதை நிறுத்தாமல் ரோபோவை ஓட விட்டால், அது போகிற இடத்திலிருந்து முடி மிதந்து, அது முடித்துவிட்டு வந்த இடத்தில் போய் இறங்கும். எங்கள் வீட்டில் விசிறியை நிறுத்தி அரை மணி நேரம் கழித்துத்தான் ரோபோ கிளம்பும். அதுவும் உறிஞ்சும் வேகத்தை நடுத்தரமாக வைத்துத்தான். அதிக வேகத்தில் ஓடவிட்டால் சத்தமும் கூடும், பேட்டரியும் பாதியில் தீரும், டைல்ஸில் பலன் ஒன்றும் பெரிதாகக் கூடாது. வேகத்தைக் குறைத்து தினமும் ஓடவிடுவது, வாரம் ஒருமுறை முழு வேகத்தில் ஓடவிடுவதைவிடப் பல மடங்கு மேல். முடி ஒரு நாளுக்குரிய அளவில் இருந்தால் உதிரி உதிரியாக உள்ளே போகும். மூன்று நாள் சேர்ந்தால் உருண்டையாகி வாயிலேயே அடைத்துக்கொள்ளும்.

உள்ளே போனதற்கு அடுத்த இடம் குப்பைப் பெட்டி. ரோபோவின் பெட்டி பெரும்பாலும் 300, 400 மில்லி கொள்ளளவு, ஒரு பெரிய டம்ளர் அளவுதான். மண் என்றால் ஒரு வாரம் தாங்கும். அடி ரோமம் எடையில்லாமல் இடத்தை மட்டும் அடைக்கிற பொருள். ஒரு படுக்கையறையிலேயே பெட்டி நிறைந்து, முடி வடிகட்டியின்மேல் போர்வை போலப் படிந்துவிடும். அதற்கப்புறம் காற்று போகாது. ரோபோ ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் எதையும் எடுக்காது. "முதல் மாசம் நல்லா எடுத்துச்சு, இப்போ எடுக்க மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களிடம் வடிகட்டியைத் தட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

இதற்காகத்தான், தானே காலி செய்துகொள்ளும் நிலையம் வந்தது. 2018இல் ரூம்பா ஐ7 பிளஸ்ஸோடு அது பரவலானது. ரோபோ தன் இடத்துக்குத் திரும்பியதும் நிலையத்தில் இருக்கும் பெரிய மோட்டார் குப்பையை மூன்று லிட்டர் அளவுள்ள ஒரு பைக்குள் இழுத்துக்கொள்ளும். செல்லப்பிராணி உள்ள வீட்டுக்கு இது உண்மையிலேயே பயனுள்ள வசதி. பணம் இருந்தால் உறிஞ்சும் எண்ணுக்குக் கொடுக்காமல் இதற்குக் கொடுங்கள் என்பேன். ஆனால் மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும். பை அறுபது நாள் தாங்கும் என்று மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் கணக்கு நாய் இல்லாத வீட்டுக்கானது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய நாய் முடியை அறுபது நாள் பையில் வைத்திருந்தால் வீடே நாறும். நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் பையை மாற்றிவிட வேண்டும். அப்புறம், காலி செய்யும் அந்தப் பத்துப் பதினைந்து விநாடி மெஷின் போடும் சத்தம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரையும், பூனைக்கு அதற்கு மேலும் கேட்கும். நிலையத்தை நாய் படுக்கிற மூலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வடிகட்டியைக் கழுவலாம் என்று எழுதியிருந்தால் கழுவலாம். ஆனால் ஒரு முழு நாள் காய வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு நாள் போதாது. ஈர வடிகட்டியைப் போட்டு ஓட்டினால் முடித்தூள் அதில் பசை போல ஒட்டிக்கொள்ளும். இரண்டு வடிகட்டி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவதுதான் வழி.

ஒவ்வாமை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பூனை முடியால் தும்மல் வருகிறது என்று சொல்வோம். உண்மையில் முடி வெறும் வண்டிதான். பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உண்டாகும் ஃபெல் டி 1 என்ற புரதமே தும்மலுக்குக் காரணம். நாய்க்கு கேன் எஃப் 1. பூனை தன்னை நக்கும்போது அந்தப் புரதம் ரோமத்தில் படிந்து, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். ரோபோ முடியை எடுக்கும்போது அதில் ஒட்டியிருப்பதும் சேர்ந்து போகும், அது நல்லதுதான். ஆனால் மிதப்பதை அது பிடிக்காது. நுண்தூளைப் பிடிக்கும் வடிகட்டிக்கு ஹெப்பா தரம் என்றால், 0.3 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். வடிகட்டி அந்தத் தரத்தில் இருந்தாலும், அதைச் சுற்றியிருக்கும் சட்டத்தில் இடுக்கு இருந்தால் தூள் அந்த வழியே வெளியே வந்துவிடும். வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்கள் ரோபோவை மட்டும் நம்ப வேண்டாம். உலர்ந்த துடைப்பத்தால் வீசிப் பெருக்குவதை நிறுத்துவதே முதல் நன்மை. அந்த அளவில் ரோபோ உதவும்.

எங்கள் வீட்டில் ரோபோ வந்ததற்கு உண்மையான காரணம் துடைப்பது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருநாள் மாப்பைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க தம்பி, பெருக்கிட்டுத்தான் துடைக்கிறேன். நாய் முடி மாப்புல ஒட்டிக்கிட்டு, துடைக்கத் துடைக்க கோடு கோடா நிக்குது. பிழிஞ்சா கையெல்லாம் முடி." அவர் சொன்னது முழுக்கச் சரி. ஈரம் பட்ட முடி தரையோடு ஒட்டும். ஒட்டியதை மாப் எடுக்காது, இழுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் விடும். ரோபோவுக்கும் அதே விதிதான். உறிஞ்சுவதையும் துடைப்பதையும் ஒரே ஓட்டத்தில் செய்கிற மெஷினில், விடுபட்ட முடியெல்லாம் ஈரத் துணியில் பாய் மாதிரி படியும். முதலில் உலர் ஓட்டம், முடிந்தபின் தனியாக ஈர ஓட்டம் என்று செயலியில் பிரித்து வைக்க முடிந்தால் அப்படியே வையுங்கள். நாங்கள் ஈர வேலையை ரோபோவிடம் கொடுப்பதில்லை. காலை எட்டு மணிக்கு அது உலர் ஓட்டம் ஓடிவிடும். ஒன்பது மணிக்கு அக்கா வந்து துடைப்பார். இப்போது அவர் மாப்பில் முடி வருவதில்லை. குனிந்து கட்டிலுக்கடியில் பெருக்குகிற வேலையும் அவருக்குக் குறைந்தது. சம்பளம் குறையவில்லை. மெஷின் வந்துவிட்டது என்று சொல்லி அதைக் குறைப்பது நியாயமில்லை. துடைப்பதும், மூலைகளும், சோபாவும், மாடிப்படியும் இன்னும் மனித கையால்தான் சுத்தமாகின்றன.

ஈர ஓட்டம் வேண்டும் என்கிறவர்கள் தொட்டியில் பினாயில் ஊற்றாதீர்கள். மெஷினின் குழாய் கெடும் என்பது ஒரு பக்கம். பினாயிலில் இருக்கும் பீனால் வகை ரசாயனத்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். வெறும் தண்ணீர் போதும். அதுவும் போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்பு படிந்து துளை அடைத்துக்கொள்ளும்.

உண்ணி, தெள்ளுப்பூச்சி உள்ள வீட்டில் ரோபோவுக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது. 2007இல் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், வேக்கும் கிளீனருக்குள் போன வளர்ந்த தெள்ளுப்பூச்சிகளில் 96 சதவீதம் செத்துப்போயின; புழுவும் கூட்டுப்புழுவும் மொத்தமாகச் செத்தன. அது ரோபோவில் நடந்த ஆய்வு அல்ல. சாதாரணப் பெரிய மெஷினில் நடந்தது. ஆனாலும் தினமும் கட்டிலுக்கடியில் போய் வருகிற ஒரு மெஷின் முட்டைகளையும் புழுக்களையும் குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. உண்ணி வேறு ரகம். சுவர் இடுக்கிலும் கதவு நிலைச் சந்திலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அங்கே ரோபோ போகாது, அதற்கு மருந்துதான்.

இனி, எல்லோரும் பயப்படுகிற விஷயம். 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு வீட்டில், நள்ளிரவில் நாய்க்குட்டி தரையில் அசிங்கம் செய்துவிட்டது. ஒன்றரை மணிக்கு ஓடும்படி நேரம் குறித்து வைத்திருந்த ரோபோ அதன்மேல் ஏறி, வீடு முழுக்கப் பூசிவிட்டது. அந்த வீட்டுக்காரர் அதை எழுதப்போக, உலகம் முழுக்கப் பரவியது. ஏனென்றால் அதே அனுபவம் ஆயிரம் வீடுகளில் இருந்தது. 2021இல் கேமராவும் அடையாளம் காணும் மென்பொருளும் வைத்த ஜே7 பிளஸ்ஸை ஐரோபாட் வெளியிட்டபோது, முதல் வருஷத்தில் நாய் மலத்தைத் தவிர்க்காமல் மாட்டிக்கொண்டால் புது மெஷின் தருவோம் என்றே உறுதி கொடுத்தது. இன்று மற்ற நிறுவனங்களும் கேமரா வைக்கின்றன. கெட்டியானதைக் கேமரா ஓரளவு நன்றாகவே அடையாளம் காணும். வாந்தி, சிறுநீர், வயிற்றுப்போக்கு இவற்றில் அதை நம்பக் கூடாது. லேசர் மட்டும் உள்ள மாடலுக்கு எதுவுமே தெரியாது. லேசர் போகும் உயரம் தரையிலிருந்து சுமார் பத்து சென்டிமீட்டர் என்பதால் கீழே கிடப்பது அதில் படாது.

கேமரா என்றால் வீட்டுக்குள் ஒரு கண் சுற்றுகிறது என்பதும் உண்மை. சோதனைக்காக வீடுகளில் ஓடிய ரோபோக்கள் எடுத்த அந்தரங்கப் படங்கள், படங்களுக்கு அடையாளக் குறிப்பு எழுதும் கூலிப் பணியாளர்கள் வழியே வெளியே கசிந்ததை 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரெவியூ பத்திரிகை வெளியிட்டது. அவை விற்பனைக்கு வந்த மெஷின்கள் அல்ல, சோதனை மெஷின்கள் என்று அவற்றைச் செய்த ஐரோபாட் நிறுவனம் விளக்கியது. நான் கேமரா இல்லாததைத்தான் வைத்திருக்கிறேன். அதற்கு ஈடாக ஒரு விதி: யாரும் விழித்திருக்காத நேரத்தில் ரோபோ ஓடாது. ஜிம்மியைக் காலை நடைக்குக் கூட்டிப் போய் வந்தபின், ஒருவர் வீட்டை ஒரு சுற்று பார்த்தபின்தான் ஓடும். குட்டி வளரும் வீட்டில், முதல் ஆறு மாதம் கேமரா இருந்தாலும் இதே விதிதான்.

நம் வீட்டு அமைப்பில் சில சின்ன விஷயங்கள். கறுப்பு கிரானைட் தரையில் சில மெஷின்கள் திகைத்து நிற்கும். படி விளிம்பைக் கண்டுபிடிக்க வயிற்றில் அகச்சிவப்புக் கண் இருக்கிறது. கறுப்புத் தரை அந்த ஒளியைத் திருப்பி அனுப்பாததால் பள்ளம் என்று நினைத்துக்கொள்கிறது. அந்தக் கண்ணை டேப்பால் மூடச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். மாடி வீட்டில் அதைச் செய்யாதீர்கள். மெஷின் படியில் உருண்டு, கீழே படுத்திருக்கும் நாயின்மேல் விழும். நாயின் தண்ணீர்ச் சட்டி இருக்கும் இடத்தைச் செயலியில் தடைப் பகுதியாகக் குறித்துவிடுங்கள். உலர் மெஷினுக்குள் தண்ணீர் போனால் மோட்டார் போச்சு. பூனையின் மணல் தொட்டியைச் சுற்றியும் அப்படித்தான். கட்டியாகும் களிமண் மணல் ஈரத் துணியில் பட்டால் சேறாகிவிடும்.

விலங்குக்கு மெஷினைப் பழக்க ஒரு வாரம் கொடுங்கள். முதல் இரண்டு நாள் அணைத்தே ஹாலில் கிடக்கட்டும்; அதன் பக்கத்தில் பிஸ்கட் வையுங்கள். அப்புறம் அடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு ஓட விடுங்கள். ஜிம்மி மூன்றாம் நாள் குரைப்பதை நிறுத்தினான். பத்தாம் நாள் அது வரும்போது எழுந்து வழிவிட்டான். தூங்குகிற நாய்க்குப் பக்கத்தில் மட்டும் ஓட விடாதீர்கள். பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர் மாதிரி நீள ரோமம் உள்ள வாலை உருளை இழுத்துவிட்டால், அதற்கப்புறம் அந்த நாய் மெஷினை நம்பவே நம்பாது.

முடியைத் தரைக்கு வருமுன்பே பிடிப்பதுதான் எல்லாவற்றையும்விட எளிது. வாரம் இரண்டு முறை பத்து நிமிஷம் ரப்பர் சீப்பால் வாரிவிட்டால், உருளையில் வளையம் பாதியாகக் குறையும். நாங்கள் மொட்டை மாடியில் வாருவோம். ஒவ்வொரு முறையும் ஒரு தேங்காய் அளவுக்கு மஞ்சள் பஞ்சு சேரும். முன்பெல்லாம் அதைக் கைப்பிடிச் சுவரில் அப்படியே வைத்துவிட்டு வருவேன். பறவைகள் கூடு கட்ட எடுத்துப் போகும். மகளுக்கு அதைப் பார்ப்பதில் அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. 2025இல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. விலங்கு ரோமம் வைத்துக் கட்டிய சிறு பறவைக் கூடுகள் 103 எடுத்துச் சோதித்ததில், ஒவ்வொன்றிலும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்திருக்கிறது. நாயின் பிடரியில் சொட்டு விடுகிற உண்ணி மருந்தில் இருக்கும் அதே ஃபிப்ரோனில்தான். மருந்து அதிகமாக இருந்த கூடுகளில் பொரியாத முட்டைகளும் செத்த குஞ்சுகளும் அதிகம். ஜிம்மிக்கும் மாதாமாதம் அந்தச் சொட்டு மருந்துதான் விடுகிறோம்.

இப்போது சீப்பில் வந்த பஞ்சு, அச்சில் வெட்டியெடுத்த வளையம், பெட்டியைத் தட்டிய குப்பை, எல்லாவற்றையும் அந்த ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளிலேயே சுருட்டி, வாயை இறுக்கிக் கட்டி, மாநகராட்சி வண்டியின் மக்காத குப்பைப் பக்கம் போட்டுவிடுகிறோம். மாடியில் தண்ணீர்க் கிண்ணமும் கொஞ்சம் தேங்காய் நாரும் வைத்திருக்கிறோம். நாரை முதலில் எடுத்துப் போனது ஓர் அணில்.